நான்கு நண்பர்கள்... ஒரே ஒரு இலையுதிர் காலம்!

ஒரு பழைய புகைப்படம்.

மரங்களுக்கு நடுவே ஒரு மேஜை. அதைச் சுற்றி நான்கு ஆண்கள். ஒரு பெண்மணி. ஒரு சிறு குழந்தை.

படம் எடுக்கப்பட்ட ஆண்டு 1914. மாதம் அக்டோபர். இடம், கனடா நாட்டில் உள்ள ஆல்கொன்கின் காடு.

அந்த நான்கு பேரும் நண்பர்கள். நான்கு பேரும் ஓவியர்கள். ஏரியில் படகு விட்டு, கரையில் கூடாரம் போட்டு, படம் வரைய வந்தவர்கள்.

சில வாரங்கள் ஆனந்தமாகக் கழிந்தன. பிறகு பிரிந்தார்கள்.

அந்த நால்வரும் மறுபடி ஒன்றாக அந்தக் காட்டுக்குப் போகவே இல்லை!

ஒருவர் போர்க்களத்தில் காயம்பட்டு விழுந்தார். இன்னொருவர் பிழைப்புக்காகத் தொலைதூர நகரத்துக்குப் போனார். ஒருவர் அதே ஏரியில் பிணமாக மிதந்தார்!

ஆனால் அந்தச் சில வாரங்களில் அவர்கள் செய்த வேலை, ஒரு நாட்டின் ஓவியக் கலையையே மாற்றிவிட்டது.

யார் அந்த நால்வர்?

முதலாமவர் டாம் தாம்சன். வயது 37. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பத்துப் பிள்ளைகளில் ஒருவர். டொராண்டோ நகரில் விளம்பரப் படம் வரையும் கம்பெனியில் வேலை பார்த்தார். 1912-ம் ஆண்டு முதல் முறையாக ஆல்கொன்கின் காட்டைப் பார்த்தார். அதோடு சரி! மனிதர் அந்தக் காட்டுக்கே அடிமையாகிவிட்டார்.

இரண்டாமவர் ஏ.ஒய். ஜாக்சன். மாண்ட்ரீல் நகரத்துக்காரர். பாரிஸ் வரை போய் ஓவியம் படித்தவர்.

மூன்றாமவர் ஆர்தர் லிஸ்மர். நான்காமவர் பிரெட் வார்லி. இந்த இருவரும் இங்கிலாந்தில் ஷெபீல்டு என்ற ஒரே ஊரில் பிறந்தவர்கள். பிழைப்புத் தேடிக் கனடாவுக்கு வந்தவர்கள். லிஸ்மர் 1911-ல் வந்தார். வார்லி 1912-ல் வந்தார்.

நால்வரும் பணக்காரர்கள் அல்ல. படம் வரைந்தால்தான் சோறு.

தாம்சனுக்கும் ஜாக்சனுக்கும் ஒரு நல்ல மனிதர் உதவினார். அவர் மெக்கல்லம் என்ற கண் டாக்டர். "ஓர் ஆண்டுக்கு உங்கள் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். வேறு வேலைக்குப் போகாமல் படம் மட்டும் வரையுங்கள்" என்ற ஏற்பாட்டை அவர் செய்து கொடுத்தார். டொராண்டோவில் ஓவியர்களுக்காகக் கட்டிய கட்டிடத்தில் தாம்சனும் ஜாக்சனும் ஒரே அறையில் தங்கினார்கள்.

1914 செப்டம்பர் மாதம் ஜாக்சன் ரெயில் ஏறினார். காட்டில் தாம்சன் காத்திருந்தார். அக்டோபரில் லிஸ்மரும் வார்லியும் வந்து சேர்ந்தார்கள். லிஸ்மர் தன் மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்து வந்தார்.

ஏரிகளின் காடு

ஆல்கொன்கின் காடு டொராண்டோவுக்கு வடக்கே இருக்கிறது. 1893-ம் ஆண்டில் அரசாங்கம் அதைப் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக அறிவித்தது. இன்று அதன் பரப்பு சுமார் 7,600 சதுர கிலோமீட்டர். அதற்குள் 2,000-க்கும் அதிகமான ஏரிகள் இருக்கின்றன!

நண்பர்கள் போன காலத்தில் அங்கே மோட்டார் சாலை கிடையாது. ரெயில் நிலையம் வரை ரெயில். அதற்கு மேல் படகுதான்.

நண்பர்கள் இறங்கிய ஏரியின் பெயர் கனூ ஏரி. கனூ என்பது அந்த நாட்டுப் படகின் பெயர். ஏரிக்குப் பெயரே படகு ஏரி!

அதன் கரையில் மோவாட் என்ற சிற்றூர். அங்கே ஒரு தங்கும் விடுதி. ஓவியர்களுக்கு அதுதான் தாய்வீடு போல. அங்கிருந்து ஸ்மோக் ஏரி, ராகெட் ஏரி என்று படகிலேயே போகலாம்.

தோளில் ஏறும் படகு

கனூ சாதாரணப் படகு அல்ல. இரு முனையும் கூராக இருக்கும். ஓர் ஆள், இரண்டு ஆள் போகலாம். மிகவும் லேசானது.

அதைக் கண்டுபிடித்தவர்கள் அந்தக் காட்டின் பழங்குடி மக்கள். பிர்ச் என்ற மரத்தின் பட்டையை உரித்து, மரவேரால் தைத்து, தையலில் மரப்பிசின் பூசி அந்தப் படகைச் செய்தார்கள். தாம்சனின் காலத்தில் பட்டைக்குப் பதிலாக, சீடர் மரச் சட்டத்தின் மேல் கெட்டித் துணியை இழுத்துக் கட்டி, சாயம் பூசினார்கள்.

லேசாக இருக்கவேண்டியது ஏன்?

ஓர் ஏரி முடிந்ததும் மேடு வரும். மேட்டுக்கு அந்தப் பக்கம் அடுத்த ஏரி. படகு மேட்டில் போகாது. அப்போது என்ன செய்வது?

படகைக் கரையில் இழுக்கவேண்டும். உள்ளே இரண்டு துடுப்புகளைக் குறுக்குக் கட்டையோடு சேர்த்துக் கட்டவேண்டும். பிறகு படகைக் கவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்கவேண்டும். துடுப்புகள் இரண்டும் தோளில் உட்காரும். அப்படியே நடக்கவேண்டும்!

தூரத்திலிருந்து பார்த்தால், படகுக்குக் கால் முளைத்து நடப்பது போல் இருக்கும்.

படகு போனால் போதுமா? கூடாரம், கம்பளி, கோடாரி, மாவு மூட்டை, சட்டி, சாயப்பெட்டி எல்லாம் போகவேண்டும். ஒரே நடையில் முடியாவிட்டால் திரும்பி வந்து இரண்டாம் நடை தூக்கவேண்டும்.

தாம்சன் இதில் கைதேர்ந்தவர். துடுப்புப் போடுவார். கூடாரம் அடிப்பார். தூண்டில் போட்டு மீன் பிடிப்பார். அடுப்பு மூட்டி ரொட்டி சுடுவார். நகரத்திலிருந்து வந்த நண்பர்களுக்குக் காட்டில் அவர்தான் வழிகாட்டி.

காடு தீப்பிடித்ததா?

அந்த நாட்டில் செப்டம்பர் கடைசியில் ஓர் அதிசயம் நடக்கும். காடு நிறம் மாறும்!

மேப்பிள் மரம் ரத்தச் சிவப்பாகும். பிர்ச் மரம் பொன் மஞ்சளாகும். நடுநடுவே ஊசியிலை மரங்கள் மட்டும் கரும்பச்சையாக நிற்கும். இவை அத்தனையும் ஏரித் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். தூரத்தில் இருந்து பார்த்தால் மலையே தீப்பிடித்தது போல் இருக்கும்.

இதற்குக் காரணம் என்ன?

இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். குளிர் காலம் நெருங்கி, பகல் குறையும்போது மரம் பச்சையத்தைச் செய்வதை நிறுத்திவிடுகிறது. இருந்த பச்சையமும் சிதைந்து போகிறது. அதுவரை அதற்குள் மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளியே தெரிகிறது.

சிவப்பு நிறத்தின் கதை வேறு. பகலில் நல்ல வெயில், இரவில் குளிர் என்று இருந்தால், மேப்பிள் இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து சிவப்புச் சாயம் புதிதாக உண்டாகிறது.

இந்தக் கோலம் சில வாரங்கள்தான். ஒரு பெருங்காற்று அடித்தால் போதும், எல்லாம் தரையில்!

ஆகவே ஓவியனுக்கு அவசரம். இன்று வரையாததை நாளை வரைய முடியாது.

மடியில் ஒரு பெட்டி

நண்பர்கள் பெரிய துணியும் சட்டமும் காட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஆளுக்கு ஒரு சிறு மரப்பெட்டி. அதற்குள் சாயமும் தூரிகையும் மெல்லிய பலகைகளும் இருக்கும். தாம்சன் வரைந்த பலகைகள் பெரும்பாலும் சுமார் 8½ அங்குலத்துக்கு 10½ அங்குலம். பள்ளிப்பிள்ளையின் சிலேட்டு அளவு!

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரைவார்கள். சாயம் காயும் முன்பே மேகம் மாறிவிடும். வேகமாக வரையவேண்டும். பிறகு டொராண்டோவுக்குப் போய், அந்தச் சிறு பலகையைப் பார்த்துப் பெரிய படம் எழுதுவார்கள்.

தாம்சன் ஓவியப் பள்ளியில் நெடுங்காலம் படித்தவர் அல்ல. நிறங்களை எப்படிப் பக்கம் பக்கமாக வைத்தால் ஒளி கிளம்பும் என்பதைப் பாரிசில் படித்த ஜாக்சன் அவருக்கு எடுத்துச் சொன்னார்.

ஜாக்சனுக்குத் தாம்சன் என்ன கொடுத்தார்? காட்டைக் கொடுத்தார். எந்த முனையில் காலை வெயில் விழும், எந்த ஓடையில் இலை தேங்கும், எப்போது புயல் வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

ஒருவர் ஆசான், ஒருவர் சீடன் என்று சொல்ல முடியாதபடி இருவரும் மாறி மாறிக் கற்றார்கள். லிஸ்மரும் வார்லியும் வந்து சேர்ந்ததும் நால்வருக்குள்ளும் போட்டி பிறந்தது. பொறாமை இல்லாத போட்டி!

தாம்சனுக்குத் தன் படங்களில் திருப்தியே வராது. ஒரு நாள் ஆத்திரத்தில் தன் சாயப்பெட்டியையே காட்டுக்குள் வீசி எறிந்தார் என்று சொல்வார்கள். ஆத்திரம் தணிந்ததும் அதே பெட்டியைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று!

500 டாலர்

அந்தப் பயணத்தின் பலன் என்ன?

ஜாக்சன் "சிவப்பு மேப்பிள்" என்ற படத்தை எழுதினார். கறுத்து ஓடும் ஆற்று வெள்ளம். அதற்கு முன்னால் ஒல்லியான ஒரு மேப்பிள் மரம். அதில் ரத்தத் துளிகள் போல் சிவந்த இலைகள். இன்று அது கனடாவின் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது.

லிஸ்மர் "வழிகாட்டியின் வீடு" என்ற படத்தை எழுதினார். பொன் இலைகளுக்கு நடுவே ஒரு குடிசை. அதுவும் தேசிய ஓவியக் கூடத்துக்குப் போனது.

தாம்சன் அந்தக் குளிர் காலத்தில் "வடக்கு ஆறு" என்ற படத்தை எழுதினார். 1915-ம் ஆண்டில் தேசிய ஓவியக் கூடம் அதை 500 டாலர் கொடுத்து வாங்கியது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

ஆனால் தாம்சனின் வாழ்க்கை மாறவில்லை. ஓவியர் கட்டிடத்துக்குப் பின்னால் ஒரு மரக்கொட்டகை இருந்தது. மாத வாடகை ஒரு டாலர். குளிர் காலத்தில் அதில் குடியிருந்தார். பனி உருகியதும் காட்டுக்குப் புறப்பட்டார்.

போர் அழைத்தது

நண்பர்கள் காட்டில் இலையை வரைந்துகொண்டிருந்தபோது உலகம் சும்மா இருக்கவில்லை.

1914 ஆகஸ்டு 4-ந் தேதி பிரிட்டன் ஜெர்மனியின் மீது போர் தொடுத்தது. கனடாவும் போரில் இறங்கியது. அக்டோபர் 3-ந் தேதி கனடாவின் முதல் படை கப்பல் ஏறியது. சுமார் 30,000 பேர்!

அதே அக்டோபர் 3-ந் தேதிதான் ஜாக்சனின் பிறந்த நாள். அன்று அவருக்கு 32 வயது நிறைந்தது.

1915-ம் ஆண்டு ஜாக்சன் ராணுவத்தில் சேர்ந்தார். பெரிய ஓவியராக அல்ல, சாதாரணச் சிப்பாயாக! 1916 ஜூன் மாதம் பெல்ஜியத்தில் நடந்த சண்டையில் காயம் அடைந்தார்.

அதே ஆண்டு லிஸ்மருக்கு ஹாலிபாக்ஸ் என்ற துறைமுக நகரில் ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பு கிடைத்தது. குடும்பத்தோடு அங்கே போய்விட்டார்.

வார்லி டொராண்டோவில் பிழைப்போடு போராடினார். 1918-ல் அவரும் போர் ஓவியராகக் கடல் கடந்தார்.

தாம்சன் மட்டும் காட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனார். "ஜாக் பைன்", "மேற்குக் காற்று" என்ற இரண்டு படங்களை 1916 கடைசியிலும் 1917 தொடக்கத்திலும் எழுதினார். ஏரிக்கரையில் தனியாக நிற்கும் பைன் மரம்தான் இரண்டு படங்களிலும் முக்கியம். இன்று கனடாவில் பள்ளிப்பிள்ளைகளுக்குக்கூட அந்த மரங்களைத் தெரியும்.

கவிழ்ந்த படகு

1917 ஜூலை 8. ஞாயிற்றுக்கிழமை.

தாம்சன் கனூ ஏரியில் தன் படகைத் தள்ளினார். மீன் பிடிக்கப் புறப்பட்டார்.

திரும்பவில்லை!

அவருடைய படகு மட்டும் கவிழ்ந்து மிதந்தது. ஊரார் ஏரியைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். எட்டாம் நாள், ஜூலை 16-ந் தேதி, உடல் மிதந்தது.

தாம்சனுக்கு 40 வயது நிறைய இன்னும் 28 நாள்தான் இருந்தது.

உடலைக் கரையிலேயே சோதித்து, மோவாட் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். விசாரணை அதிகாரி வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. தற்செயலாக நீரில் மூழ்கி இறந்தார் என்பது தீர்ப்பு.

ஆனால் ஊர்வாய் மூடவில்லை. அவ்வளவு திறமையான படகுக்காரர் எப்படி மூழ்கினார்? நெற்றிப் பொட்டில் காயம் ஏன்? உடலைத் தோண்டி எடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்பியது உண்மையா? இப்படிப் பல கேள்விகள். 1956-ம் ஆண்டில் சிலர் அந்தப் பழைய குழியைத் தோண்டிப் பார்த்தார்கள். எலும்புகள் கிடைத்தன! அவை தாம்சனுடையவை அல்ல, ஒரு பழங்குடி மனிதருடையவை என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். அதோடும் பேச்சு ஓயவில்லை.

ஒன்று மட்டும் நிச்சயம். கனூ எவ்வளவு லேசோ, அவ்வளவு ஆபத்து. அதில் எழுந்து நின்றால் கவிழும். கைதேர்ந்தவர்களையும் அது கவிழ்த்திருக்கிறது. இன்று கனடாவில் படகில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை மிதவைச் சட்டைகள் இருக்கவேண்டும் என்பது சட்டம்.

கல் மேடை

நண்பன் இறந்தபோது ஜாக்சன் கடல் கடந்து ராணுவத்தில் இருந்தார். லிஸ்மர் ஹாலிபாக்சில் இருந்தார். கடைசியாக ஒரு முறை முகம் பார்க்கவும் அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

டொராண்டோவில் இருந்த மற்ற ஓவிய நண்பர்கள் சும்மா இருக்கவில்லை. 1917 செப்டம்பர் மாதம், மறுபடியும் இலை சிவக்கும் நேரத்தில், கனூ ஏரிக்குப் போனார்கள். தாம்சன் விரும்பிக் கூடாரம் போடும் கரைமேட்டில் கல்லைக் கல்லாக அடுக்கி ஒரு நினைவு மேடை கட்டினார்கள். ஊர்க்காரர்களும் கை கொடுத்தார்கள். மெக்டொனால்டு என்ற ஓவியர் அதற்கான வாசகத்தை எழுதினார்.

அந்தக் கல் மேடை இன்றும் இருக்கிறது.

ஆல்கொன்கின் காட்டில் இன்று 2,000 கிலோமீட்டருக்கும் அதிகமான படகு வழிகள் உள்ளன. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் நண்பர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். கரடி எடுக்காதபடி உணவுப் பையைக் கூடாரத்துக்குத் தள்ளி மரத்தில் உயரக் கட்டுகிறார்கள். தகர டப்பாவும் கண்ணாடிப் புட்டியும் உள்காட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கனூ ஏரியில் போகிறவர்கள் படகைக் கரையோரம் கட்டிவிட்டு, மேடேறி அந்தக் கல் மேடையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

எழுவர் குழு

போர் முடிந்தது. உயிரோடு இருந்தவர்கள் டொராண்டோவுக்குத் திரும்பினார்கள்.

1920 மே மாதம் ஏழு ஓவியர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். "எழுவர் குழு" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கனடாவின் மண்ணைக் கனடாக்காரன் கண்ணால் பார்த்து வரையவேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

அந்த ஏழு பேரில் ஜாக்சன், லிஸ்மர், வார்லி மூவரும் இருந்தார்கள். தாம்சன் இல்லை. ஆனால் வழி காட்டியது அவர்தான் என்பதை அவர்கள் மறக்கவில்லை. சுமார் ஐந்து ஆண்டுகளில் அவர் விட்டுப்போனவை, சுமார் 400 சிறு பலகை ஓவியங்களும் சுமார் 50 பெரிய ஓவியங்களும்.

ஒரே மண்ணில்

டொராண்டோவுக்கு வடக்கே கிளைன்பர்க் என்ற ஊர் இருக்கிறது. அங்கே எழுவர் குழுவின் ஓவியங்களுக்காக ஒரு கலைக்கூடம் இருக்கிறது.

1962-ம் ஆண்டில் அங்கே ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது ஓவியம் அல்ல. தாம்சன் மாதம் ஒரு டாலர் வாடகை கொடுத்துக் குடியிருந்தாரே, அந்த மரக்கொட்டகை!

1969-ம் ஆண்டில் லிஸ்மரும் வார்லியும் இறந்தார்கள். நால்வரில் மிஞ்சியவர் ஜாக்சன் மட்டுமே. அவர் தன் கடைசி ஆண்டுகளை அந்தக் கலைக்கூடத்திலேயே கழித்தார். 1974-ம் ஆண்டு, 91-வது வயதில் இறந்தார்.

அந்தக் கலைக்கூடத்தின் வளாகத்தில் ஒரு சிறு இடுகாடு இருக்கிறது. லிஸ்மர், வார்லி, ஜாக்சன் மூவருடைய கல்லறைகளும் அங்கேதான் இருக்கின்றன.

தாம்சனின் கொட்டகையும் அதே வளாகத்தில்தான் நிற்கிறது.

1914-ல் மேஜையைச் சுற்றி உட்கார்ந்த நான்கு நண்பர்கள், பிறகு ஒருநாளும் நால்வராக அந்தக் காட்டில் கூடவில்லை. அந்தக் கூட்டம் மறுபடி கூடியது இங்கேதான். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதம் அங்கேயும் மேப்பிள் இலை சிவக்கிறது. கொட்டகையின் கூரையிலும் உதிர்கிறது. கல்லறைகளின் மேலும் உதிர்கிறது.